சாவி யார் கையில்?
ஆங்கிலக் கல்வியும் கருவிகளும்: நம் சமூகம் வந்த வழி பற்றிச் சில குறிப்புகள்

சென்ற வருடம் எங்கள் வலயத்தில் ஒரு நாள் செயலமர்வு நடந்தது. தலைப்பு, ஆங்கிலம் கற்பித்தலில் தொழில்நுட்பமும் கலவைக் கற்றலும். நான் தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி. தமிழ் படிப்பிப்பதற்கே நியமனம் பெற்றவள். எங்கள் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் வெற்றிடம் நிரம்பாமல் கிடந்த இரண்டு வருடங்கள், தரம் 6க்கும் 7க்கும் ஆங்கிலமும் நான்தான் எடுத்தேன். அதனால் செயலமர்வுப் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

வளவாளர் நன்றாகவே விளக்கினார். வகுப்பறையில் நேருக்கு நேர் கற்பதையும், கருவியின் வழியாகப் பிள்ளை தன் நேரத்தில் கற்பதையும் ஒன்றுக்கொன்று துணையாக அமைப்பதே கலவைக் கற்றல் என்றார். இது புதிய நூற்றாண்டின் முறை என்றும் சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் மெல்லக் குனிந்து, "எங்கட ஸ்கூல் கம்பியூட்டர் ரூம் சாவி யார்ட்ட இரிக்கெண்டு இவருக்குத் தெரியுமா?" என்று கேட்டா. இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆங்கிலம் நம் பிள்ளைகளிடம் வந்த வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், ஒவ்வொரு காலத்திலும் ஒரு கருவி வந்திருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாவி இருந்திருக்கிறது. அந்தச் சாவியை யார் வைத்திருந்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை நாம் எழுதிவைக்கவில்லை.

பலகையும் அச்சும்

நம் முன்னோரின் முதற் கல்விக் கருவி ஓதப்பள்ளிப் பலகை. மரப்பலகையில் எழுதி, ஓதி, அழித்து, மறுபடி எழுதினார்கள். அந்தப் பலகையோடு ஒரு லெப்பையும் இருந்தார். பிள்ளையின் நாவு பிழைக்கும் இடத்தில் நிறுத்தித் திருத்தினார். எழுத்து கண்ணுக்கு, ஓசை காதுக்கு, திருத்துவதற்கு ஓர் ஆள். ஒரு மொழியைக் கற்பிக்க இந்த மூன்றும் வேண்டும் என்பது நமக்கு அன்றே பழக்கமாயிருந்தது.

ஆங்கிலம் அந்த வழியில் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளின் வழியாக வந்தது. பிள்ளை மதம் மாறிவிடுமோ என்ற அச்சம் நம்மவரை அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அந்த அச்சத்தை இன்று ஏளனம் செய்வது இலகு. அவர்கள் காலத்தில் அது காரணமில்லாத அச்சம் அல்ல. ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலை பெரியது. அரச உத்தியோகத்திலும் சட்டத்துறையிலும் மருத்துவத்திலும் மற்றச் சமூகத்தவர் முன்னேறியபோது நாம் கடையோடும் கடலோடும் வயலோடும் நின்றோம்.

அந்த வாசலைத் திறக்க முயன்றவர்களில் முன்னின்றவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் மர்ஹூம் எம்.சீ. சித்தி லெப்பை (1838 - 1898). பல்கலைக்கழகத்தில் அவரை நாங்கள் அசன்பே சரித்திரம் எழுதிய நாவலாசிரியராகப் படித்தோம். 1885இல் வெளிவந்த அந்நூல் ஈழத்துத் தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது. ஆனால் அவர் கையில் எடுத்த பெரிய கருவி அச்சு இயந்திரம். 1882இல் அவர் தொடங்கிய முஸ்லிம் நேசன், வீட்டிலிருந்த முஸ்லிமிடம் கல்வியைப் பற்றிப் பேசியது. ஆங்கிலமும் வேண்டும், பெண்பிள்ளைக்கும் கல்வி வேண்டும் என்று வாதாடியது. அந்த வாதத்தைத் தமிழில் நடத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தின் பயனை ஆங்கிலத்தில் சொன்னால் அது ஏற்கெனவே தெரிந்தவனுக்கே விளங்கும்.

பத்திரிகையோடு அவர் நின்றுவிடவில்லை. 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். 1892இல் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தோன்றியபோது, அவரோடு வாப்பிச்சி மரிக்காரும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த ஒராபி பாஷாவும் துணைநின்றார்கள். அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. அச்சு ஆர்வத்தை உண்டாக்கியது. பாடசாலை அந்த ஆர்வத்துக்கு இடமும் ஆசிரியரும் கொடுத்தது. ஒன்று மட்டும் இருந்திருந்தால் மற்றது வீணாகியிருக்கும்.

அலுமாரிக்குள் ஒரு குரல்

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பரில். 1943இல் பீ.பீ.சி. வானொலி வழி ஆங்கிலம் கற்பிக்கும் சேவையை ஆரம்பித்தது. அதற்கு முன்பே இசைத்தட்டில் மொழிப்பாடம் விற்கும் நிறுவனங்கள் ஐரோப்பாவில் இருந்தன. ஆனால் இசைத்தட்டு காசுள்ளவன் வீட்டுக்கு மட்டும் போனது. வானொலி ஒரே நேரத்தில் ஆயிரம் வீடுகளுக்குள் நுழைந்தது. இலங்கை வானொலியின் கல்விச் சேவையும் பாடசாலைப் பிள்ளைகளுக்காகப் பாடங்களை ஒலிபரப்பியது.

இந்த வரலாற்றில் என் உம்மாவுக்கும் ஒரு சிறிய இடமுண்டு.

உம்மா 1950இல் பிறந்தவர். பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள். அக்காலத்தில் எங்கள் கரையோரக் கிராமங்களில் அதுதான் வழக்கம். மூத்தவாப்பாவிடம் ஒரு ரேடியோ இருந்தது. அதை அவர் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். செய்திக்கும் முஸ்லிம் நிகழ்ச்சிக்கும் மட்டும் திறப்பார். பகலில் அவர் கடைக்குப் போனதும், உம்மும்மா முந்தானையில் முடிந்திருந்த மற்றச் சாவியை எடுத்து உம்மாவிடம் கொடுப்பாவாம். உம்மும்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. "கேளு மகள், ஆனா சத்தத்தக் குறைச்சிக் கேளு" என்று மட்டும் சொல்வாவாம்.

பாடசாலைகளுக்கான ஆங்கிலப் பாடத்தை உம்மா அப்படித்தான் கேட்டார். புத்தகம் இல்லை. இரவில் மாமா தன் புத்தகத்தைக் கொண்டுவந்து, பகலில் காதில் விழுந்த சொல் எழுத்தில் எப்படி இருக்கும் என்று காட்டுவார். பிழையாகச் சொன்னால் சிரிப்பார், பிறகு திருத்துவார். தூரத்திலிருந்து ஒரு குரல், கையில் ஒரு தாள், பக்கத்தில் ஓர் ஆள். செயலமர்வில் வளவாளர் திரையில் போட்டுக்காட்டிய படத்தில் இந்த மூன்றுக்கும் வேறு பெயர்கள் இருந்தன.

"நீங்க ரேடியோவில இங்கிலீஷ் படிச்சீங்களா உம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் ஒண்டும் படிக்கல்ல மகள். கேட்டன்" என்றார். மாமாவுக்குக் கலியாணமாகி வேறு வீட்டுக்குப் போனதும் பாடமும் நின்றுவிட்டது. ரேடியோ இன்னும் நெடுங்காலம் அந்த அலுமாரிக்குள் பாடிக்கொண்டுதான் இருந்தது.

மொழி மாறியது, ஆசிரியர் வரவில்லை

உம்மாவின் தலைமுறைக்கு ஆங்கிலம் எட்டாமற் போனதற்கு வீட்டு வழக்கம் மட்டும் காரணமல்ல. சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஏழைப்பிள்ளைக்குப் பாடசாலை திறந்தது. அதே காலத்தில் தாய்மொழி படிப்படியாகப் போதனாமொழியானது. இரண்டும் நல்ல காரியங்கள். தமிழ் படித்தவள் என்ற வகையில், தாய்மொழியில் கற்றதாற்றான் எங்களைப் போன்றோர் பல்கலைக்கழக வாசலைக் கண்டோம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் ஆங்கிலம் போதனாமொழியாக இருந்த இடத்தை விட்டு ஒரு பாடமாக மாறியபோது, அந்தப் பாடத்தை ஒவ்வொரு கிராமத்திலும் கற்பிக்க வேண்டிய ஆசிரியர்கள் இருக்கவில்லை. முன்பு சில பாடசாலைகளில் சிலருக்கு மட்டும் இருந்த ஒன்று, இப்போது எல்லோருக்கும் உரியதாகக் காகிதத்தில் வந்தது. 1956இன் பின் எழுந்த மொழிப் பிரச்சினையின் இரைச்சலில் இந்தச் சிறிய குறை யார் காதிலும் விழவில்லை. முதலாவது முஸ்லிம் சிவில் சேவை உத்தியோகத்தரான மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ், 1940களின் தொடக்கத்தில் கல்முனையில் கடமையாற்றியவர். கிழக்கின் நிலையைக் கண்ணால் கண்டவர். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாவதில் அவர் பங்கு பெரியது. கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாமல் நின்றுவிடக்கூடாது என்பது அதன் நோக்கம். அதுவும் ஒரு சாவிதான்.

இதே இடைவெளியை நிரப்ப வந்த இன்னொரு முயற்சியைக் குறிப்பிட வேண்டும். 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அச்சிட்ட பாடத்தொகுதி தபாலிலும் கையிலும் வரும். வீட்டிலிருந்து படிக்க வேண்டும். குறித்த நாட்களில் பிராந்திய நிலையத்துக்குப் போய் ஆசிரியரைச் சந்திக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து மட்டக்களப்பு நிலையத்துக்கு பஸ் ஏறிப்போய் ஆங்கில டிப்ளோமா படித்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ரொட்டியும் தண்ணீர்ப் போத்தலும் பையில், சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, அந்தியில் வீடு திரும்புவார்கள். கலவைக் கற்றல் என்ற பெயர் உலகில் பரவ முன்னரே அவர்கள் அதைச் செய்துவிட்டார்கள். என் ஆங்கில ஆசிரியை அவர்களில் ஒருவர்.

துணியால் மூடிய ரெக்கோடர்

நான் தரம் 8 படித்த காலம் 1990களின் முற்பகுதி. மின்சாரம் வரும், போகும். போனால் நாட்கணக்கில் வராது. அந்த டீச்சர் தன் வீட்டு கசெட் ரெக்கோடரைத் துணியில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவருவார். பெற்றரி இறங்கிவிட்டால் ஜன்னலோரம் வெயிலில் காயவைப்போம். இன்னும் பத்து நிமிடம் பாடும். பெற்றரி இறங்க இறங்க அந்த வெள்ளைக்காரரின் குரல் தடித்து, நித்திரை தூங்கியவர் பேசுவது போல இழுபடும். நாங்கள் அதையும் அப்படியே பின்பற்றிச் சொல்வோம். டீச்சர் சிரித்து முடித்துத்தான் திருத்துவார்.

ஒரு சொல்லை அவர் மூன்று முறை போடுவார். முதல்முறை கேட்க. இரண்டாம் முறை சொல்ல. மூன்றாம் முறை, நாம் சொன்னதும் அது சொன்னதும் எங்கே வேறுபடுகிறது என்று கண்டுபிடிக்க. அந்த மூன்றாம் முறையில்தான் படிப்பு நடந்தது. பிற்காலத்தில் தமிழ் ஒலியியல் படித்தபோது, காதைத் தீட்டும் அந்தப் பழக்கத்தை எனக்குத் தந்தவர் ஓர் ஆங்கில ஆசிரியை என்பதை உணர்ந்தேன்.

பாடசாலைக்கென்றும் ஒரு ரெக்கோடர் இருந்தது. அது அலுவலக அலுமாரிக்குள் இருந்தது. விழா நாட்களில் மட்டும் வெளியே வரும்.

பூட்டிய அறையும் எழுதும் பரீட்சையும்

1999இல் உயர்தரத்துக்குப் பொது ஆங்கிலம் வந்தது. 2001இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் ஆங்கிலமூலம் மீண்டும் இடம்பெற்றது. 2002இல் தரம் 6இலிருந்தும் சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்க வழி திறந்தது. 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அரசு பிரகடனப்படுத்தியது. இரண்டையும் ஒரே பெயரில் இணைத்ததே ஒரு காலத்தின் நம்பிக்கையைக் காட்டுகிறது: கணனி வந்தால் ஆங்கிலமும் கூடவே வந்துவிடும் என்ற நம்பிக்கை.

கணனிகள் வந்தன. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் இருபது கணனிகள் வெள்ளைத் துணியால் மூடப்பட்டு, கபனிட்ட மையித்துப் போல வரிசையாக இருந்தன. அறை பூட்டியிருந்தது. பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். ஒன்று பழுதானால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அடுத்தவர் பொறுப்பெடுக்கவில்லை. அதிபரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. பழுதானால் விசாரணை, திறக்காமல் விட்டால் ஒரு கேள்வியுமில்லை. இந்த நிலையில் யாரும் பூட்டத்தான் செய்வார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அது நம் ஊரோடு முடிவதல்ல. ஒலிநாடாவும் கணனியும் கேட்பதற்கும் பேசுவதற்கும் உதவும் கருவிகள். ஆனால் க.பொ.த. சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை எழுத்துப் பரீட்சை. கேட்கத் தெரியுமா, பேசத் தெரியுமா என்று அது பார்த்ததில்லை. பரீட்சை கேட்காத ஒன்றுக்காக ஆசிரியர் ஏன் சாவி தேடி அலைய வேண்டும்? கடந்தகால வினாத்தாளைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுப்பதே பயன் என்று அவர் நினைத்தால், அந்தக் கணக்கில் பிழையில்லை. கருவியைக் கொடுத்தவர்களும் பரீட்சையை அமைத்தவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத கதை இது.

வாப்பாவின் போன்

2020 மார்ச் 13ஆம் திகதி முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. ரூபவாஹினி நிறுவனத்தின் அலைவரிசைகளில் குரு கெதர பாடங்கள் வந்தன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. சூம் வந்தது. எங்களைப் போன்ற கரையோரப் பாடசாலைகளில் உண்மையில் வேலை செய்தது வட்ஸ்அப்.

அப்போது தரம் 7இல் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் எனக்கு. குழுவில் சேர்ந்தவர்கள் இருபத்திரண்டு. தொடர்ந்து பதில் போட்டவர்கள் பதினொன்று. பதினொன்றில் எட்டு ஆண்பிள்ளைகள். வகுப்பில் நன்றாகப் படிப்பது பெண்பிள்ளைகள் என்பதால் எனக்கு இது விளங்கவில்லை. வீடுகளுக்கு அழைத்துப் பேசினேன். "ஒரு போன்தான் டீச்சர். தம்பிக்கும் கிளாஸ் இரிக்கி" என்றாள் ஒருத்தி. "வாப்பாட கையில. அவரு கடலால வந்தாத்தான்" என்றாள் இன்னொருத்தி. பெண்பிள்ளையின் கையில் போன் கொடுக்கப் பயம் என்று வெளிப்படையாகவே சொன்ன உம்மாமாரும் இருந்தார்கள். கண்ணாடி அலுமாரி மூத்தவாப்பாவோடு மௌத்தாகிவிட்டது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

இதற்குப் பிறகு நேரடி வகுப்பை விட்டுவிட்டேன். ஒரு பந்தியை என் குரலில் ஒலிப்பதிவாக அனுப்புவேன். எந்த நேரத்திலாவது வாசித்து அனுப்புங்கள் என்பேன். இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் பதில்கள் வரத்தொடங்கின. கடலால் வந்தவரின் போனில், பின்னால் தட்டுமுட்டுச் சத்தம் கேட்க, வகுப்பில் ஒருநாளும் வாய்திறக்காத பிள்ளை முழுப் பந்தியையும் வாசித்திருந்தாள். பிழையானால் அழித்து மறுபடி பதிவுசெய்திருக்கிறாள். எத்தனை தரம் என்று கேட்டேன். "ஏழு" என்றாள். யாரும் சிரிக்காத இடத்தில் ஏழு தரம் பிழைவிட அவளுக்கு வாய்த்தது அந்தக் கருவியால்தான். கருவி செய்யும் நன்மையை நான் குறைத்துச் சொல்லக்கூடாது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம். நானும் விலகினேன். கோரிக்கை நியாயமானது, அதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் குழுவில் என் குரல் இல்லை. பாடசாலை திறந்தபோது முப்பத்தெட்டில் ஐந்து கதிரைகள் காலியாக இருந்தன. அவற்றில் ஒருவன், முதல் மாதங்களில் ஒருநாளும் தவறாமல் வாசித்து அனுப்பியவன். சந்தைக் கடையொன்றில் நின்றான். என்னைக் கண்டதும் ஸலாம் சொல்லிவிட்டுத் தக்காளி நிறுத்தான். "எப்ப வாற மகன்?" என்று கேட்டேன். "பாப்பம் டீச்சர்" என்றான். வரவில்லை. 2022இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாது பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது, அவனை அழைத்துவரும் பேச்சே எடுபடவில்லை. அவன் பெயர் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறது.

எஞ்சியிருப்பது

இந்த நூற்று நாற்பது வருடக் கதையில் கருவி வராத காலம் குறைவு. பத்திரிகை வந்தது, வானொலி வந்தது, கசெட் வந்தது, கணனி வந்தது, போன் வந்தது. கருவியும் ஆளும் சேர்ந்த இடத்தில் பிள்ளை படித்தது. சித்தி லெப்பை பத்திரிகையோடு பாடசாலையையும் கட்டினார். என் டீச்சர் ரெக்கோடரோடு தானும் நின்றார். மாமா போனதும் உம்மாவின் பாடம் நின்றது. நான் விலகியதும் அந்தப் பையனின் பாடம் நின்றது.

ஆகவே நம் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இனி ஸ்மார்ட் போர்ட் அன்பளிப்புச் செய்ய முன், இரண்டு கேள்விகளைக் கேட்டால் நல்லது. இதை எந்தப் பிள்ளை, எந்த நேரத்தில் தொடலாம்? பழுதானால் ஆசிரியரைக் காப்பாற்ற யார் இருக்கிறார்? கேட்டலையும் பேச்சையும் பரீட்சையில் சேர்க்கும்படி வற்புறுத்துவது ஆங்கில ஆசிரியர்களின் வேலை மட்டுமல்ல, பெற்றாரின் வேலையுமாகும். மகளின் கையில் ஒரு மணிநேரம் போனைக் கொடுப்பது, கூடத்தில் எல்லோர் முன்னாலும் என்றாலும் சரி, ஒவ்வொரு வீட்டின் வேலை.

செயலமர்வு முடிந்த அடுத்த வாரம் அதிபரிடம் பேசி, கணனி அறைச் சாவிக்கு இன்னொரு பிரதி வெட்டுவித்தேன். ஆசிரியர் அறைச் சுவரில் ஓர் ஆணியில் அது தொங்குகிறது. யார் எடுத்தாலும் பக்கத்துக் கொப்பியில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். உயர்தர மாணவிகள் இருவர் பின்னேரத்தில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். இதுவரை ஒரு மவுஸ் காணாமற் போயிருக்கிறது. கொப்பியில் நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் ஏறியிருக்கின்றன.

உம்மாவிடம் இதைச் சொன்னேன். மவுஸ் என்றால் என்னவென்று கேட்டார். சொன்னேன். "ஒண்டுதானே போன?" என்றார்.